யாருடைய கடனை யார் தள்ளுபடி செய்வது?

எங்கள் ஊர்க் கோயிலில் இரண்டு பேர் பாவமன்னிப்புக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்தன. அப்போது எனக்குப் பதினொரு வயது. நாங்கள் திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்த சபைக் கிறிஸ்தவர்கள். தேவாலயத்தைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வோம்.

முதலில் கேட்டவள் என் சித்தி. ஓர் இந்துவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு நான்கு வருஷம் வெளியூரில் வாழ்ந்தவள். சித்தப்பா லாரி மோதி இறந்த பிறகு கைக்குழந்தையோடு தாத்தா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். மறுபடி திருவிருந்தில் பங்கெடுக்க வேண்டுமானால் சபையார் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகள் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சேலையில் பலிபீடத்துப் படிக்குக் கீழே நின்று, எழுதிக் கொடுத்த தாளை வாசித்தாள். குழந்தை என் மடியில் இருந்தது. அம்மாவைப் பார்த்துவிட்டு அது அழுதது. வெளியே தூக்கிக்கொண்டு போகும்படி எனக்குச் சைகை காட்டினார்கள்.

இரண்டாவது ஆள் சபைக் கமிட்டியில் இருந்தவர். குடிப்பவர், மனைவியை அடிப்பவர். அந்த அக்காவின் முன்பற்கள் இரண்டு இல்லாமல் போனது எப்படி என்று தெருவுக்கே தெரியும். ஐந்து மாதம் கழித்து நடந்த கன்வென்ஷனில், மூன்றாம் நாள் இரவு அவர் மேடையேறிச் சாட்சி சொன்னார். மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். கூட்டம் ‘ஸ்தோத்திரம்’ என்றது. செய்தி கொடுக்க வந்திருந்தவர் அந்த அக்காவையும் மேடைக்கு அழைத்தார். முந்தானையால் வாயை மூடியபடி அவர் ஏறி வந்தார். “மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா” என்றார் செய்தியாளர். அக்கா தலையை ஆட்டினார். கூட்டம் ‘அல்லேலூயா’ என்றது. அடுத்த தேர்தலில் அவர் கணவர் சபையின் பொருளாளர் ஆனார்.

சித்தி யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. அவள் சபையாரிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்த மனிதர் ஒரு பெண்ணின் பற்களை உடைத்தார். அவர் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். சித்திக்குக் கிடைத்தது கடைசி வரிசை. அவருக்குக் கிடைத்தது காணிக்கைப் பெட்டியின் சாவி. இருபது வருஷம் கழித்து ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சித்தி சொன்னாள்: “அன்னைக்கு நான் மன்னிப்புக் கேட்டேனே, அது யாருகிட்டன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல ஏட்டி.”

அவளுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். விசுவாசத்தில் தவறியவர் திரும்பி வரலாம் என்பது கிறிஸ்தவத்தின் மிகப் பெரிய வாக்குறுதி. அது எனக்கும் வேண்டும். நம் சபைகளோ அந்த வாக்குறுதியை இரண்டு விலைக்கு விற்றுவந்திருக்கின்றன. ஆண் தவறினால் அவன் மனந்திரும்புகிறான், விலையை ஒரு பெண் கொடுக்கிறாள். பெண் தவறினால், சில நேரம் தவறாமலே, அவள் வெட்கப்படுத்தப்படுகிறாள். அந்த விலையையும் அவளே கொடுக்கிறாள்.

*

விசுவாசத்தில் தவறியவர்களுக்கு முதல் உதாரணம் பேதுரு. நான்கு சுவிசேஷங்களும் அந்த இரவைச் சொல்கின்றன. இயேசுவை விசாரணைக்குக் கொண்டுபோன வீட்டின் முற்றத்தில், சேவல் கூவுவதற்குள், மூன்று முறை ‘அவரைத் தெரியாது’ என்றவர் பேதுரு. முதலில் அவரை அடையாளம் கண்டு கேட்டது ஒரு வேலைக்காரப் பெண். அவர் முதல் பொய்யைச் சொன்னது அவளிடம். மறுநாள் சிலுவையருகே ஓடிப்போகாமல் நின்றவர்களாக நான்கு சுவிசேஷங்களும் பெண்களைக் காட்டுகின்றன. சீஷன் ஒருவன் அங்கே நின்றதாகச் சொல்வது யோவான் மட்டும்தான். மூன்றாம் நாள் கல்லறையிலிருந்து பெண்கள் கொண்டுவந்த செய்தியைச் சீஷர்கள் வெறும் பிதற்றலாக எடுத்துக்கொண்டார்கள் என்கிறார் லூக்கா. நம்பாமல் போனதற்காக அவர்களில் ஒருவராவது அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டதாக எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை.

இருந்தும் ‘மறுதலித்த பேதுரு’ என்பது அவருடைய பெயராகவில்லை. அவர் பாறை, தலைவர், சாவிகளைக் கையில் வைத்திருப்பவர். சிலுவையருகே நின்ற மகதலேனா மரியாளுக்கு என்ன நேர்ந்தது? கி.பி. 591-இல் பாப்பரசர் முதலாம் கிரகோரி ஒரு மறையுரையில் மூன்று பெண்களை ஒருத்தியாக்கினார். இயேசுவின் பாதத்தைக் கண்ணீரால் நனைத்த பெயரில்லாத பெண், பெத்தானியா ஊர் மரியாள், மகதலேனா மரியாள் ஆகிய மூவர். மகதலேனா பாலியல் பாவி என்று எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. நோயிலிருந்து விடுபட்டவர், தன் ஆஸ்தியால் இயேசுவின் குழுவுக்குச் சோறு போட்டவர்களில் ஒருவர் என்கிறார் லூக்கா. கிழக்கத்தியத் திருச்சபைகள் இந்தக் கலவையை ஏற்கவேயில்லை. மேற்கு ஏற்றுக்கொண்டது. 1969-இல் வழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோதுதான் கத்தோலிக்கத் திருச்சபை சத்தமில்லாமல் அதைக் கைவிட்டது. 2016-இல் அவருடைய நினைவுநாளைத் திருவிழாவாக உயர்த்தியது. நடுவில் 1378 வருஷங்கள். தவறிய ஆண் தலைவரானார். தவறாத பெண், மனம் வருந்தி அழும் விபச்சாரியாக ஓவியங்களில் தொங்கினார்.

தவறு ஓவியத்தோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். அயர்லாந்தில் அந்தப் பெயரில் சலவைக்கூடங்கள் நடந்தன. திருமணமாகாமல் கருவுற்றவர்கள், வீட்டுக்கு அடங்காதவர்கள், அநாதைகள், வெறுமனே அழகாக இருந்தவர்கள் எனப் பெண்களைத் துறவற சபைகள் நடத்திய ‘மகதலேனா’ சலவைக்கூடங்களில் அடைத்தார்கள். கூலி கிடையாது. ஊராரின் அழுக்குத் துணியைத் துவைப்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட தவம். 1922 முதல், கடைசிக் கூடம் மூடப்பட்ட 1996 வரை, 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே போனார்கள் என்று அரசே அமைத்த குழு 2013-இல் அறிக்கை தந்தது. அந்தப் பிப்ரவரியில் பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இழப்பீட்டு நிதி அமைந்தபோது, அந்தக் கூடங்களை நடத்திய நான்கு துறவற சபைகளும் அதில் பணம் போட மறுத்துவிட்டன. பெண்களைப் பாவிகள் என்று வருஷக்கணக்கில் வேலை வாங்கியவர்களுக்குத் தங்கள் பாவத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்று தோன்றவில்லை.

ரோமாபுரியின் கதையும் அதுதான். பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் 1994 மே மாதம் எழுதி முடித்தார். 1995 ஜூனில் உலகப் பெண்களுக்கு ஒரு கடிதம் எழுதி, வரலாற்றில் பெண்கள் ஒடுக்கப்பட்டதில் திருச்சபையின் பிள்ளைகளுக்கும் பங்கிருந்தால் அதற்காக வருந்துவதாகச் சொன்னார். 2000 மார்ச்சில் நடந்த மன்னிப்பு நாள் வழிபாட்டில், பெண்களின் மாண்புக்கு எதிரான பாவங்களுக்கும் ஒரு மன்றாட்டு இருந்தது. பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது. வெளியே நின்றவளிடம் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. சீர்திருத்த சபையார் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். என் சித்தி நின்றது நம் கோயிலில்.

*

நான் தமிழ் படித்தவள், சொற்களிலிருந்துதான் யோசிக்கத் தெரியும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் ‘மெத்தனோயா’, மனத்தின் மாற்றம். எபிரேயத்தில் அதற்கு ‘திரும்பி வருதல்’ என்ற வினை. தமிழ் வேதாகமம் இரண்டையும் சேர்த்து ‘மனந்திரும்புதல்’ என்றது. நல்ல சொல்தான். ஆனால் திரும்புதல் என்றால் ஒரு திசை வேண்டும். யாரை விட்டுப் போனானோ அவர்களை நோக்கித் திரும்புவதுதான் திரும்புதல். நம் சபைகளில் ஆள் மேடையை நோக்கித் திரும்புகிறார்.

‘மன்னித்தல்’ இன்னும் சிக்கலானது. கிரேக்கத்தில் அதற்குப் பெரும்பாலும் வரும் வினைக்கு விட்டுவிடுதல், விடுவித்தல் என்று பொருள். கடனை விட்டுக்கொடுப்பதற்கும் அதே சொல். மத்தேயு சொல்லும் கர்த்தருடைய ஜெபத்திலும் இருப்பது கடன்தான். பழைய தமிழில் இதற்கு நாம் வைத்திருந்த சொல் ‘பொறுத்தல்’. பிழை பொறுத்தல், குற்றம் பொறுத்தல் என்கிறோம். அதே சொல்லுக்குச் சுமத்தல், தாங்குதல் என்றும் பொருள். பொறையுடைமைக்கு நிலத்தை உவமை சொன்னார் வள்ளுவர். நம் வீடுகளில் பெண்ணைத்தான் பூமாதேவி மாதிரி இருக்கச் சொல்கிறார்கள். ஆக, பிரசங்கத்தில் ‘மன்னியுங்கள்’ என்று சொல்லும்போது தமிழ்ப் பெண்ணின் காதில் விழுவது ‘பொறுத்துக்கொள்’. சுவிசேஷம் கையை விடு என்கிறது. இவளோ தூக்கிச் சும என்று கேட்கிறாள். கேட்பவள்மேல் தப்பில்லை, அப்படித்தான் அவளுக்குச் சொல்லப்பட்டது.

இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள். 1869-இன் இந்திய விவாகரத்துச் சட்டம்தான் இந்தியக் கிறிஸ்தவர்களின் திருமண முறிவுக்கான சட்டம். அதன்படி, மனைவி ஒழுக்கம் தவறினாள் என்ற ஒரே காரணத்தால் கணவன் விவாகரத்துக் கேட்கலாம். கணவனின் ஒழுக்கமின்மை மட்டும் மனைவிக்குப் போதாது. கொடுமை செய்தான், இரண்டு வருஷம் கைவிட்டான் என்பது போல இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். அடி உதைக்காக மட்டும் விவாகரத்து கிடையாது. அதற்குக் கிடைத்ததெல்லாம் பிரிந்து வாழும் உத்தரவு. 1990களில் சில உயர்நீதிமன்றங்கள் இந்தப் பாகுபாட்டைக் கண்டித்த பிறகு, 2001-இல்தான் நாடாளுமன்றம் திருத்தியது. 132 வருஷம் நம் பாட்டிகளும் அம்மாக்களும் மன்னித்தார்கள் என்று பிரசங்கங்களில் பெருமைப்படுகிறார்களே, அது புண்ணியமா? வேறு கதவு இல்லாதவளின் மன்னிப்புக்கு மன்னிப்பு என்று பெயர் வைக்கலாமா?

அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவில் இன்னொன்று இருக்கிறது. துணையின் ஒழுக்கமின்மையை மன்னித்துவிட்டவரின் மனுவை நீதிமன்றம் தள்ளிவிடலாம். எது மன்னிப்பு? தாம்பத்திய வாழ்வைத் தொடர்ந்திருந்தாலோ மீண்டும் தொடங்கியிருந்தாலோ மட்டுமே மன்னித்ததாக எடுத்துக்கொள்ளப்படும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கைக்குழந்தையோடும் சல்லிக்காசு இல்லாமலும் அதே கூரைக்குக் கீழே படுத்திருந்தவள் மறுக்க முடியாமல் இருந்ததும் இந்தக் கணக்கில் மன்னிப்பாகிவிடும். ‘போய்ச் சேர்ந்து வாழும்மா’ என்று ஐயர் அனுப்பி வைத்தார். சேர்ந்து வாழ்ந்ததால் மன்னித்துவிட்டாள் என்றது சட்டம். இரண்டு பேருமே அவள் வாயிலிருந்து ஒரு சொல்லையும் கேட்கவில்லை.

*

பைபிள் அப்படித்தான் சொல்கிறது என்பார்கள். பைபிளையே எடுத்துக்கொள்வோம்.

மனந்திரும்புதலுக்குப் பிரசங்கிமார் அடுக்கடுக்காகக் காட்டுவது தாவீது ராஜாவை. பத்சேபாளை அரண்மனைக்கு வரவழைத்தான், அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டித்ததும் உடைந்து அழுதான். அந்த அழுகையோடு சேர்த்துச் சொல்லப்படுவது 51-ஆம் சங்கீதம். லெந்து நாட்களில் நாம் முழங்காலில் நின்று அதை வாசிக்கிறோம். அதில் தாவீது, தான் குற்றம் செய்தது கடவுள் ஒருவருக்கே எதிராக என்கிறான். உரியா எங்கே? பத்சேபாள் எங்கே? தாவீதின் சிம்மாசனம் போகவில்லை. செத்தது பத்சேபாள் பெற்ற குழந்தை. அடுத்த அதிகாரத்தைப் பிரசங்கிமார் அநேகமாகத் தொடுவதில்லை. தாவீதின் மகன் அம்னோன் தன் தங்கை முறையான தாமாரைக் கெடுக்கிறான். தாவீது கோபப்படுகிறான், வேறொன்றும் செய்வதில்லை. தாமார் தன் அண்ணன் வீட்டில் பாழாய்க் கிடக்கிறாள். கடவுளிடம் மட்டும் மனந்திரும்பிய ஒரு தகப்பனின் வீட்டில் மகளுக்கு நேர்ந்தது இது.

இன்னொரு பக்கத்தில் சகேயு இருக்கிறான். வரி வசூலித்து ஏமாற்றியவன். இயேசு அவன் வீட்டுக்கு வந்ததும், சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றியவர்களுக்கு நாலு மடங்கு என்று கணக்குச் சொல்கிறான். அழுததாக ஒரு சொல் இல்லை. அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்வது அதற்குப் பிறகுதான். சகேயு பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சகேயு கணக்கைப் பெரியவர்களிடம் கேட்பதில்லை.

எத்தனை தரம் மன்னிப்பது, ஏழு தரமா என்று பேதுரு கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும் அறியாத கிறிஸ்தவப் பெண் கிடையாது. மத்தேயு 18-இல் அதற்குச் சற்று முன்னால் இருப்பதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்கள்? குற்றம் செய்தவனிடம் நேரில் போய்ச் சொல். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு சாட்சிகளோடு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். சபைக்கும் அடங்காவிட்டால் அவனை வெளியாளாக நினைத்துக்கொள். லூக்கா 17 இன்னும் நேரடியாகப் பேசுகிறது: குற்றம் செய்தவனைக் கண்டி, அவன் மனந்திரும்பினால் மன்னி. கண்டிப்பதும் கட்டளைதான். பெண்ணுக்கு வரும்போது மட்டும் பாதிக் கட்டளை காணாமல் போகிறது.

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் ஏழு வசனங்களைத் தியானிக்கிறோம். முதல் வசனம் மன்னிப்பைப் பற்றியது. சிலுவையில் தொங்கும்போதே அவர் மன்னித்தாரே, உன்னால் முடியாதா என்று அந்த வசனத்தை வைத்துப் பெண்களைக் கேட்பார்கள். கவனித்துப் படியுங்கள். ஆணி அடித்தவர்களை மன்னிக்கும்படி அவர் பிதாவிடம் வேண்டிக்கொள்கிறார். ‘நான் மன்னித்துவிட்டேன்’ என்று அந்த நேரத்தில் சொல்லவில்லை. ஆணி கையில் இருக்கும்போது அவரே அதைக் கடவுளிடம் ஒப்படைத்தார். அடி வாங்கிய அன்றே, ரத்தம் காய்வதற்குள், மேடையேறித் தலையாட்டச் சொல்ல நமக்கு எங்கிருந்து உரிமை வந்தது?

பேதுருவிடமே திரும்பி வருகிறேன். அவர் மன்னிக்கப்பட்டது எப்படி? யோவான் 21 சொல்கிறது. திபேரியா கடற்கரையில் கரிநெருப்பு எரிகிறது. பேதுரு மறுதலித்த முற்றத்திலும் கரிநெருப்புதான் எரிந்தது. புதிய ஏற்பாட்டிலேயே அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடங்களில்தான் வருகிறது. முதலில் காலைச் சாப்பாடு. பிறகு ‘என்னை நேசிக்கிறாயா’ என்ற கேள்வி, மூன்று தரம். மூன்றாம் தரம் பேதுருவுக்கு மனம் நோகிறது. நோகட்டும் என்று விடுகிறார் இயேசு. பிறகு வேலை கொடுக்கிறார்: ஆடுகளைப் பார்த்துக்கொள்.

இங்கே கேள்வி கேட்டது யார் என்று பாருங்கள். துரோகம் செய்யப்பட்டவர். நாளும் இடமும் கேள்வியும் அவர் தேர்ந்தவை. ‘பேதுரு அழுதுவிட்டான், மன்னித்துவிடுங்கள்’ என்று மற்ற சீஷர்கள் அவரிடம் தூது போகவில்லை. கமிட்டி கூடவில்லை. மன்னிப்பு என்பது கடன் கொடுத்தவரின் உரிமை. என் பணத்தை வாங்கித் தின்றவனுக்கு அடுத்த வீட்டுக்காரர் கடனைத் தள்ளுபடி செய்தால் அதற்கு என்ன பெயர்? அந்த அக்காவின் பற்களுக்கான கடனை எங்கள் கன்வென்ஷன் கூட்டம் தள்ளுபடி செய்தது.

*

இந்த இடத்தில் என் கணக்கையும் சொல்ல வேண்டும்.

தமிழில் அச்சான முதல் சில புத்தகங்களில் ஒன்று பாவசங்கீர்த்தனக் கையேடு. முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்த ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் பாதிரியார் எழுதி, 1580-இல் கொச்சியில் அச்சானது. குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது எப்படி என்று 440 வருஷத்துக்கு மேலாகத் தமிழில் அச்சடித்துவருகிறோம். யாருக்குத் தீங்கு செய்தோமோ அவளிடம் போய் எப்படி நிற்பது என்று ஒரு பக்கம்கூட எனக்கு யாரும் படிக்கத் தந்ததில்லை. தேவைப்பட்டபோது எனக்குத் தெரியவும் இல்லை.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஆய்வு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்து என் அறைக்கு வந்தாள். கல்யாணமாகி ஏழு மாதம். ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே நாலு விரல் பதிந்த கன்றல். “மேடம், நான் வீட்டுக்குப் போகணுமா?” என்று கேட்டாள். நான் அப்போது ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் எடுக்கிறவள். “பொறுத்துக்கம்மா. ஜெபம் பண்ணு. மன்னிக்கிறதுதான் நம்ம பலம்” என்றேன். அவள் ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். ஆய்வை முடிக்கவில்லை.

வலரி சேவிங் என்ற அமெரிக்க இறையியலாளர் 1960-இல் ஒரு கட்டுரை எழுதினார். பாவம் என்றால் ஆணவம், தன்னை உயர்த்திக்கொள்வது என்று ஆண் இறையியலாளர்கள் சொல்வது ஆணின் அனுபவம், பெண் தவறுவது பெரும்பாலும் அதற்கு நேரெதிரில், தனக்கென்று ஒரு தான் இல்லாமல் கரைந்துவிடுவதில் என்றார். அன்று நான் செய்ததும் அதுதான். எனக்குச் சொல்லிக் கொடுத்ததைக் கீழ்ப்படிந்து ஒப்பித்தேன். கீழ்ப்படிதலும் பாவமாகலாம் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

ஏழு வருஷம் கழித்து, அவளுக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டது என்று இன்னொரு மாணவி சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பொதுப் பாவ அறிக்கையின்போது அழுதேன். பாவமன்னிப்பு அறிவிப்பைக் கேட்டதும் நெஞ்சு லேசானது. வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அந்த லேசைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. அவளுக்கு ஒன்றும் லேசாகவில்லையே. மேடையில் அழுத அந்த மனிதருக்கும் அன்றிரவு இப்படித்தான் இருந்திருக்கும்.

விசாரித்துக்கொண்டு போனேன். ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அன்று நான் சொன்னது தவறு, உனக்குத் தீங்கு செய்தேன், இப்போது நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கேட்கும் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்: “மன்னிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன் மேடம். எனக்கு அப்படித் தோணலை. ஆனா கேஸ் நடக்குது. அன்னைக்கு என் கையப் பார்த்தது நீங்க ஒருத்தர்தான். சாட்சி சொல்ல வருவீங்களா?”

போனேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: காயத்தைப் பார்த்த பிறகும் கணவரோடு போய் இருக்கச் சொன்னீர்களா? ஆமாம் என்றேன். அப்படியானால் அது பெரிய காயமாக உங்களுக்குப் படவில்லை, அப்படித்தானே? பெரிய காயம்தான், சொன்னது என் தவறு என்றேன். அவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். என் வாழ்நாளில் நான் செய்த உண்மையான பாவ அறிக்கை அது ஒன்றுதான். நீதிமன்றத்தில், தீங்கு அடைந்தவளின் முன்னால், அவளுக்குப் பயன்படும்படி. விவாகரத்துக் கிடைத்தது. என்னை மன்னித்ததாக அவள் இன்றுவரை சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. போன வருஷம், விட்ட படிப்பைத் தொடர விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று ஃபோனில் கேட்டாள்.

*

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் அந்தக் கோயிலுக்கு ஏன் போகிறாய் என்று தோழிகள் கேட்கிறார்கள். கரிநெருப்புக்குப் பக்கத்தில் நடந்த அந்தக் காலைச் சாப்பாட்டை எனக்கு விட மனசில்லை. தவறியவள் நான். திரும்பி வர முடியும் என்ற வாக்குறுதியைச் சபைக் கமிட்டிகளிடம் விட்டுக்கொடுத்துவிட்டு வெளியேற எனக்கு இஷ்டமில்லை.

ஆகவே ஆயர்களுக்கும் கமிட்டிக்காரர்களுக்கும் சொல்கிறேன். யாரைத் திருமணம் செய்தாள் என்பதற்காக ஒரு பெண்ணைப் பலிபீடத்தின் முன்னால் நிறுத்துவதை இன்றோடு விடுங்கள். மனைவியை அடித்தவன் மனந்திரும்பினேன் என்று வந்தால், முதலில் அவளுடைய வைத்தியச் செலவையும் பிள்ளைகளின் செலவையும் அவள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லுங்கள். காணிக்கையைப் பீடத்திலேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்பது மலைப்பிரசங்கம். அவள் வேண்டாம் என்றால் அவன் அவள் வாசலுக்குப் போகாமலிருப்பதும் மனந்திரும்புதல்தான். அவனுக்கு மைக் கொடுக்காதீர்கள். சாவி கொடுக்காதீர்கள். அவளிடம் மன்னித்துவிட்டாயா என்று ஒருபோதும் கேட்காதீர்கள். காவல் நிலையத்துக்கு அவள் போக வேண்டியிருந்தால் துணைக்குப் போங்கள். சபையில் சாட்சி சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். கோர்ட்டில்தான் ஆள் இல்லை.

கடைசியாக, மன்னிக்க முடியவில்லையே, அதனால் நான் விசுவாசத்தில் தவறிவிட்டேனே என்று திருவிருந்து நேரத்தில் எழுந்து போகாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. என் சித்தி சாகும்வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளப்பட்ட பிறகும் அவளுக்குக் கூசியது. உங்களுக்குத் தீங்கு செய்தவன் முன் வரிசையில் இருந்து எழுந்து, கை நீட்டி, அப்பத்தை வாங்கிக்கொண்டு வருகிறான். அவனுக்குக் கூசவில்லை. நீங்கள் தவறவில்லை. எழுந்து போய் வாங்கிக்கொள்ளுங்கள்.